சினிமாவுக்கு வராத முத்தம்மை

நாகர்கோவில் பக்கம் அம்மாவை 'அம்மை' என்பார்கள். பாசம் பொங்கும்போதும் அம்மைதான், 'இந்த அம்மைக்க வாயிலே இருந்து தப்பிக்க முடியல்லியே' என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்ளும்போதும் அதே அம்மைதான். ஊர்ப் பேச்சில் அம்மை திட்டுவாள், ஓரவஞ்சனை செய்வாள், ஒரு பிள்ளைக்கு ஊட்டிவிட்டு இன்னொரு பிள்ளையை முதுகில் நாலு சாத்துவாள். நாஞ்சில் நாட்டு எழுத்தாளர்கள் அந்த அம்மைகளை அப்படியே கதைக்குள் கொண்டுவந்தார்கள். கதை சினிமாவாகும்போதுதான் சிக்கல். திரைக்கு வரும் வழியில் எங்கேயோ அவளுக்குக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, கையில் குத்துவிளக்கைக் கொடுத்துவிடுகிறார்கள்!

இந்த மாவட்டத்து எழுத்துக்கும் சினிமாவுக்கும் உறவு பழையதுதான். நாஞ்சில் நாடனின் முதல் நாவல் 'தலைகீழ் விகிதங்கள்' 1977-ல் வந்தது. 2002-ல் தங்கர் பச்சான் அதை 'சொல்ல மறந்த கதை'யாக எடுத்தார். நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' 2010-ல் 'மகிழ்ச்சி' ஆனது. ஆனால், பெற்றவர்களின் குறை திரையில் என்ன ஆகிறது என்று பார்க்க, இந்த இரண்டையும்விடப் பொருத்தமான படம் ஒன்று இருக்கிறது. பாலாவின் 'நான் கடவுள்'.

'இதென்ன, அகோரி படமாச்சே' என்று தோன்றலாம். அதன் இன்னொரு பாதி, ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' நாவலிலிருந்து வந்தது. படத்துக்கு வசனம் எழுதியவரும் அவரேதான். 2009 பிப்ரவரியில் படம் வெளியானது. பாலாவுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதும் கிடைத்தது.

ஒரே ஆள், இரண்டு அப்பா

நாவலின் மையத்தில் இருப்பவர் போத்திவேலுப் பண்டாரம். முருக பக்தர். கைகால் இல்லாதவர்களையும் பார்வையற்றவர்களையும் கோயில் வாசல்களில் உட்காரவைத்து, தட்டில் விழும் காசை எடுத்துக்கொள்வது அவர் தொழில். அந்த மனிதர்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'உருப்படி'. வாங்குவார், விற்பார். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் விலை உண்டு.

அதே பண்டாரம் வீட்டுக்கு வந்தால் மூன்று பெண்களைப் பெற்ற அப்பா. மனைவி ஏக்கியம்மை. பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். மூத்தவள் கல்யாணத்துக்கு நகை சேர்க்க வேண்டும், சம்பந்தி வீட்டார் கேட்பதைக் கொடுக்க வேண்டும் என்று தூக்கம் தொலைப்பவர். வாசிப்பவர்களுக்கு அவர்மேல் இரக்கம் வருகிறது. 'பாவம், பெண்ணைப் பெத்த மனுசன்' என்று மனசு சொல்லும் நேரத்தில், அந்த நகைக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பது ஞாபகத்துக்கு வரும். வயிற்றைப் பிசையும் இடம் அதுதான். ஜெயமோகன் அவரை அரக்கனாகக் காட்டியிருந்தால், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடலாம்.

படத்தில் பண்டாரம் இல்லை. தாண்டவன் வருகிறான். ராஜேந்திரன் நடித்த அந்த வேடத்தைப் பார்த்துப் பயப்படாதவர்கள் கிடையாது. அவரை 'மொட்டை ராஜேந்திரன்' என்று ஊரே அறியவைத்ததும் அந்த வேடம்தான். ஆனால் தாண்டவனுக்கு மகள் கல்யாணம் என்ற கவலை இல்லை. மகளைக் கொஞ்சிவிட்டு வந்து இன்னொருத்தியின் பிள்ளையை விலைபேசும் மனிதன் அங்கே காணாமல் போகிறான். கொடுமை முழுக்க ஓர் ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசியில் ருத்ரன் அவனை அடித்துக் கொல்லும்போது தியேட்டர் கைதட்டியது.

பண்டாரத்தை அப்படி அடித்துக் கொல்ல முடியாது. கொன்றால் மூன்று பெண்கள் அழுவார்கள்.

படத்தின் அடுத்த பாதியிலும் பிள்ளையைக் கைவிட்ட ஓர் அப்பா இருக்கிறார். ஜோதிடர் பேச்சைக் கேட்டு மகனைச் சின்ன வயதில் காசியில் விட்டுவிட்டு வந்தவர். 14 வருடம் கழித்துத் தேடிப்போகிறார். மகன் அகோரியாக நிற்கிறான். பாலாவைப் பாராட்டத்தான் வேண்டும். வழக்கமான சினிமாவாக இருந்தால் அம்மாவின் கண்ணீரைப் பார்த்ததும் மகன் காலில் விழுந்திருப்பான். இங்கே பெற்றவள் வந்து கெஞ்சியும் ருத்ரன் திரும்புவதில்லை. உறவு அறுந்தது அறுந்ததுதான். ஆனாலும் ஒன்று இடிக்கிறது. மகனை விட்டுவிட்டு வந்த அந்த வருடங்களில் அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? அம்மா சம்மதித்தாளா, சண்டை போட்டாளா? படம் அதற்குள் போகவில்லை. பழி ஜோதிடத்தின் மேல், கண்ணீர் அம்மாவின் மேல்.

முத்தம்மை எங்கே?

நாவலைப் படித்தவர்கள் படத்தில் முதலில் தேடியது முத்தம்மையைத்தான். உடல் குறைபாடுள்ள அவளைப் பண்டாரம் பிள்ளை பெறுவதற்காகவே வைத்திருக்கிறார். பிறக்கும் குழந்தையைக் காட்டினால் பிச்சை கூடும். பிறகு அதை விற்றுவிடலாம். முத்தம்மை வாய் திறந்தால் வசவுதான். ஆனால் பிறந்த குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் கொஞ்சும் கொஞ்சல், எந்த அரண்மனைத் தாய்க்கும் குறைந்ததல்ல. அந்தக் குழந்தையும் ஒருநாள் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும்.

நாவலின் கடைசியில் அவளிடம் அனுப்பப்படும் ஒருவனின் கையில் இருப்பது ஒற்றை விரல். முன்பு எப்போதோ அவள் பெற்று, விற்கப்பட்ட பிள்ளைக்கும் அதே ஒற்றை விரல். குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் இதற்குமேல் எழுத வேண்டியதில்லை. இதைத் தியேட்டரில் காட்ட முடியாது என்று பாலா முடிவெடுத்திருந்தால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவள் போனதும் அவள் இடத்துக்கு அம்சவல்லி வந்தாள். பூஜா உருகி உருகி நடித்த, பார்வையற்ற பாடகி. இனிமையான குரல், கள்ளமில்லாத முகம். அவளைப் பார்த்து அழுவது சுலபம். வசவோடும் பாலூட்டும் மார்போடும் தெருவில் கிடக்கும் ஒருத்தியைப் பார்த்து அழ, கொஞ்சம் கூடுதலாக மனசு வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது? புத்தகத்தைத் தனியாகப் படிக்கிறோம். நம் அம்மா நமக்குச் செய்த சின்னச் சின்ன அநியாயங்களை யாருக்கும் தெரியாமல் அங்கே நினைத்துக்கொள்ளலாம். தியேட்டரில் அம்மா பக்கத்து சீட்டில் இருக்கிறாள்! கையில் முறுக்குப் பாக்கெட்டோடு. திரையில் ஓர் அம்மா தப்பு செய்தால், பக்கத்தில் திரும்பிப் பார்க்கவே கூச்சமாக இருக்கும். தயாரிப்பாளருக்கும் இது தெரியும். பிறகு டி.வி-யில் பண்டிகை நாளில் போட வேண்டிய படம் வேறு.

ஆனால் முடியவே முடியாது என்றும் சொல்ல முடியாது. 1966-ல் ஜெயகாந்தன் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். மழை நாளில் ஏமாற்றப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, 'சுத்தமாயிட்டே' என்று ஏற்றுக்கொள்கிறாள் அம்மா. அந்தப் பெருந்தன்மையே வாசகர்களிடம் பெரும் சர்ச்சையானது. பிறகு அவரே எதிர்த்திசையில் யோசித்தார். அந்த அம்மா அப்படிச் செய்யாமல், ஊர் கேட்கக் கத்தியிருந்தால்? 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் அங்கிருந்து பிறந்தது. கத்திய அம்மாவால் கங்காவின் வாழ்க்கையே திசைமாறுகிறது. 1977-ல் பீம்சிங் அதைப் படமாக்கியபோது திரைக்கதையும் ஜெயகாந்தனுடையது. அம்மா கனகத்தை அவர் குளிப்பாட்டவில்லை. சுந்தரிபாய் அந்த அம்மாவாக வந்தார். மகளை நேசிப்பவள்தான். பயத்தில் வாயைத் திறந்து அவளை அழித்தவளும் அவள்தான். லட்சுமிக்கு அந்தப் படம் தேசிய விருது வாங்கித் தந்தது.

நாகர்கோவிலில் இன்னோர் அம்மை காத்திருக்கிறாள். ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பில் உள்ள 'நூறு நாற்காலிகள்' கதையில் வருபவள். நாயாடிக் குலத்தில் பிறந்து ஐ.ஏ.எஸ் அதிகாரியான தர்மபாலனைப் பெற்றவள். மகன் அதிகாரி, அம்மை தெருவில் பிச்சை எடுப்பவள். மகன் வீட்டுக்குக் கூட்டிப்போனாலும் அவளால் அங்கே இருக்க முடியவில்லை. மருமகளைக் கண்டால் ஆகாது, வீட்டை அழுக்காக்குகிறாள், வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள். மகன் சட்டை போடுவதையும் நாற்காலியில் உட்காருவதையும் பார்த்து நடுங்குகிறாள். அவற்றைத் தொட்டால் மேல்சாதிக்காரர்கள் கொன்றுவிடுவார்கள் என்பதுதான் வாழ்க்கை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். மகனுக்கு அவளைப் பார்க்க அருவருப்பு. அந்த அருவருப்பை நினைத்து அவனுக்கே அருவருப்பு.

மலையாளத்தில் இதை ஜெயமோகனே எழுதி, 'நூறு சிம்ஹாசனங்கள்' என்ற பெயரில் கேரளமெங்கும் படித்தார்கள். 2022-ல் ஆங்கிலத்துக்கும் போனது. இரண்டிலும் அவள் மாறவில்லை. அதே அழுக்கு, அதே வசவு.

நாளைக்கே யாராவது இதைப் படமாக்க வரலாம். முதல் நாள் கதை விவாதத்திலேயே ஒருவர் கேட்பார்: "சார், அம்மா மருமகளைத் திட்டுற சீனை எடுத்துடலாமா? ஆடியன்ஸுக்கு அவங்க மேல பரிதாபம் வரணும்ல?"