படிக்கட்டுக்கு விலக்கு இல்லை

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் போல்க் கவுண்டி நீதிமன்றத்தில் 1990களில் லிஃப்ட் இருக்கவில்லை. குற்ற வழக்கொன்றில் ஆஜராக வந்த ஜார்ஜ் லேன், சக்கர நாற்காலியில் நடமாடுபவர். முதல் வாய்தாவுக்கு இரண்டு அடுக்குப் படிகளைத் தவழ்ந்தே ஏறினார். அடுத்த வாய்தாவுக்கும் வந்தார். ஆனால் தவழவும் மாட்டேன், காவலர்கள் தூக்கிப்போகவும் சம்மதிக்க மாட்டேன் என்றார். நீதிமன்றம் வரை வந்தவரை ‘ஆஜராகவில்லை’ என்று கைது செய்ததாக அவரது மனு சொன்னது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1998இல் அவர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். எங்கள் சம்மதமின்றி எங்கள்மீது வழக்கே தொடர முடியாது என்று வாதிட்டது மாநில அரசு. 2004இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த வாதத்தைத் தள்ளியது.

நீதிமன்றத்தின் மீதே வழக்கா, அப்படியானால் நீதிபதிகள் எப்படி அச்சமின்றித் தீர்ப்பு எழுதுவார்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தோற்றவரெல்லாம் நீதிபதியிடம் இழப்பீடு கேட்டால் நீதி நடக்காது. அதனால்தான் தீர்ப்பு தவறாகவே இருந்தாலும் நீதிபதிக்குப் பாதுகாப்பு உண்டு என 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஊழியரை வேலையைவிட்டு நீக்குவது போன்ற நிர்வாகச் செயலுக்கு அந்த முழுப் பாதுகாப்பு கிடையாது என்று 1988இல் அதே நீதிமன்றம் கோடு கிழித்தது. விலக்கு தீர்ப்புக்குத்தான், படிக்கட்டுக்கு அல்ல.

இரண்டுக்கும் நடுவிலும் சில வழக்குகள் விழும். வாஷிங்டன் மாநிலத்தின் கிட்சாப் கவுண்டியில், காது சரியாகக் கேட்காத ஒருவர் பேச்சை உடனுக்குடன் எழுத்தில் காட்டும் வசதியைக் கேட்டார், மறுக்கப்பட்டது. மறுத்த நீதிபதிக்குப் பாதுகாப்பு உண்டு, கவுண்டி நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டியிருக்கலாம் என்று 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. இதுவே சரியான வழி. நீதிபதியின் சுதந்திரமும் நிற்கிறது, பாதிக்கப்பட்டவருக்கு முறையிட ஓர் இடமும் கிடைக்கிறது.

பழைய கட்டடங்களை மாற்றப் பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். கட்டடத்தை இடித்துக் கட்டச் சட்டம் சொல்லவில்லை. விசாரணையைச் சென்றடையக்கூடிய வேறோர் இடத்துக்கு மாற்றினாலும் போதும். பூங்காவுக்குப் போவதும் போகாததும் நம் விருப்பம். நீதிமன்றமோ வரச்சொல்லிச் சம்மன் அனுப்புகிறது, வராவிட்டால் பிடித்துவரச் சொல்கிறது. அந்த அதிகாரம் வேண்டுமென்றால், வருவதற்கு வழி செய்யும் கடமையும் அதனுடையதே.