அடைப்பு வால்வு: வீட்டு நீருக்கு ஒரு பூட்டு

2020ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுங்கை சிலாங்கூர் ஆற்று நீரில் மாசு கலந்தமையால், அவ்வாற்று நீரைச் சுத்திகரிக்கும் நான்கு நிலையங்கள் மூடப்பட்டன. கோலாலம்பூர், பெட்டாலிங், கிள்ளான் முதலிய வட்டாரங்களில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நீர்க் கணக்குகளுக்குக் குழாய் நீர் நின்றுபோயிற்று. இத்தகைய நாள்களில், நீர் வருகிறதா எனத் திறந்து பார்த்த குழாயை மூட மறந்து வேலைக்குச் செல்வது எவருக்கும் நேரக்கூடியதே. ஆளில்லாத நேரத்தில் நீர் திரும்பினால் வீடு குளமாகிவிடும். புறப்படுமுன் அடைப்பு வால்வை மூடிவிட்டால் இத்தொல்லை இல்லை. ஆனால் பல வீடுகளில் அந்த வால்வு எங்கே இருக்கிறதென்றே தெரிவதில்லை. தெரிந்தாலும், பல ஆண்டுகள் கை படாததால் அது திரும்புவதில்லை.

நீர்மானிக்கு அருகே தேடினால் அது அகப்படும். நீர்மானியும் அதற்கு முன்னுள்ள குழாயும் நீர் வழங்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவை. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் அது ஆயர் சிலாங்கூர். அப்பகுதியில் நாம் கை வைக்கலாகாது. நீர்மானிக்கு அப்பால் உள்ளவை வீட்டுக்காரரின் பொறுப்பு. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ அடுக்குமாடியில் குடியேறியுள்ள நம் பிள்ளைகள், வரிசையாக உள்ள நீர்மானிகளுள் தம் வீட்டு எண்ணைப் பார்த்தே வால்வைத் தொடவேண்டும். இல்லையேல் அடுத்த வீட்டாரின் சமையல் நின்றுபோகும். தோட்டத்து லயங்களின் நிலை வேறு. அங்குத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய குழாய் நீரை இலவசமாக வழங்குவது முதலாளியின் கடமை என 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் கூறுகிறது. ஆகவே, லயத்து வால்வு பழுதானால் சொந்தக் காசில் மாற்ற முற்படாமல் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவிப்பதே முறை.

பழைய வீடுகளில் காணப்படுவது பெரும்பாலும் கேட் வால்வு. சக்கரம் போன்ற கைப்பிடியைப் பலமுறை சுற்றினால், உள்ளேயுள்ள தகடு மதகுப் பலகையைப் போல் இறங்கி நீரை மறிக்கும். நீர்த் தடைக்குப் பின் வரும் கலங்கல் நீரின் மணல் அத்தகட்டின் அடியில் தங்கினால் வால்வு முழுதும் மூடாது. பாதி திறந்தே வைத்திருந்தால் தகடு அரிக்கப்படும். மற்றொன்று ஸ்டாப் காக். அதனுள் ஒரு ரப்பர் வில்லை நீர் வழியின் வாயை அழுத்தி மூடுகிறது. வில்லை தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும், செலவு சொற்பம். (நாம் மரம் சீவி எடுக்கும் பால் இவ்வில்லையாகவும் உருப்பெற்றதுண்டு, இன்று பெரும்பாலும் செயற்கை ரப்பரே பயன்படுகிறது.)

மூன்றாவது பந்து வால்வு. கடைகளில் பால் வால்வு என்பர். மரத்துப் பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை! துளையிட்ட உலோகப் பந்தொன்று கால் சுற்றிலேயே நீரை நிறுத்தும். கைப்பிடி குழாயின் வாக்கில் இருந்தால் திறந்துள்ளது. குறுக்கே இருந்தால் மூடியுள்ளது. இருட்டிலும் தடவி அறியலாம். ஆதலின் வீட்டுத் தலைவாயில் குழாய்க்கு இதுவே சிறந்தது என்பது நமது கருத்து. ஆயினும் சட்டென்று மூடினால் குழாய் அதிரும், மெல்லத் திருப்பவேண்டும்.

வாங்கும்போது பழைய வால்வின் அளவை அறிந்து செல்லவேண்டும். வீடுகளில் வழக்கமானவை 15 மில்லிமீட்டரும் 20 மில்லிமீட்டரும்; அதாவது அரை அங்குலமும் முக்கால் அங்குலமும். பித்தளை வால்வு கையில் கனக்கும். மேற்பூச்சு மட்டும் மஞ்சளாயுள்ள இலேசான பொருளை மலிவு கருதி வாங்குவது வீண். ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச்சேவை ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற பொருள்தானா எனக் கேட்டறிவதும் நன்று.

துருவேறிய இரும்புக் குழாயில் இவ்வேலையை உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரிடமே ஒப்படைக்கவேண்டும். திருகும் வேகத்தில் குழாயே முறியக்கூடும். சமையலறைத் தொட்டியின் கீழுள்ள சிறு வால்வை நாமே மாற்றலாம். முதலில் தலைவாயில் வால்வை மூடி, தாழ்வான குழாயொன்றைத் திறந்து எஞ்சிய நீரை வடிக்கவேண்டும். இரண்டு ஸ்பேனர்கள் தேவை: ஒன்று குழாயை அசையாமல் பிடிக்க, மற்றது வால்வைத் திருக. புரியின்மேல் வெள்ளை டேப்பை, வால்வு முறுகும் திசையிலேயே சுற்றவேண்டும்; எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போது அது பிரிந்துவிடும்.

பிறகு தலைவாயில் வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து, இணைப்பை உலர்ந்த தாளால் துடைத்துப் பார்க்கவேண்டும். அன்றிரவு எல்லாக் குழாய்களையும் மூடி நீர்மானியின் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். நீரைப் பயன்படுத்தாமலே விடியற்காலையில் எண் மாறியிருந்தால், வீட்டில் எங்கோ இன்னும் கசிகிறது.