பாப்பாவுக்குக் கசக்காதா?

பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க நம் வீடுகளில் வேப்பிலையை அரைத்துப் பூசுவார்கள். "அம்மாவுக்குப் புண்ணுடா கண்ணு" என்று சொல்வதும் உண்டு. சில நாள் அழுது அடம்பிடித்துவிட்டுப் பிள்ளை அடங்கிவிடும். அடுத்த குழந்தை பிறந்து அதே மடியில் பால் குடிக்கும்போதுதான் மூத்தது கேட்கிறது: "பாப்பாவுக்குக் கசக்காதா?"

"போ, பாட்டிகிட்ட போய் விளையாடு" என்பதுதான் பல வீடுகளில் இதற்குப் பதில். எனக்கு அந்தப் பிள்ளையை நினைத்தால் மனம் கனக்கிறது. மடியும் போயிற்று, கேட்டதும் தப்பாயிற்று.

உண்மையைச் சொல்லிவிடலாம். "அம்மாவுக்குப் புண்ணெல்லாம் இல்லடா. நீ வளர்ந்துட்ட, இட்லி மெல்லப் பல் வந்திருச்சு, அதான் வேப்பிலை தடவினோம். பாப்பாவுக்குப் பல் இல்ல, அம்மா பால்தான் சாப்பாடு." மூன்று வயதுக்கு இவ்வளவு போதும்.

பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். மூத்ததின் கண்ணுக்கு அம்மா எந்நேரமும் பாப்பாவோடுதான். பிரசவத்துக்கு முன்பே இதைச் சொல்லிவைப்பது நல்லது. "நீயும் இப்படித்தான் குடிச்ச, ராத்திரியெல்லாம் குடிச்ச" என்றால் எந்தப் பிள்ளைக்கும் முகம் மலரும்.

"எனக்கும் வேணும்" என்று வந்து நின்றால் அதட்டாதீர்கள். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கிறது. மூத்தது ஒரு வாய் குடித்துவிட்டால் பாப்பாவுக்குக் குறைந்துவிடாது. சீம்பால் சுரக்கும் முதல் சில நாட்களில் மட்டும் பாப்பா குடித்த பிறகு கொடுங்கள். பால் மறந்த பிள்ளைகள் பலருக்குச் சப்பும் பழக்கமே விட்டுப்போயிருக்கும். வாயை வைத்துப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். தாய்க்கு விருப்பமில்லையா, மறுத்துவிட்டு மடியில் இழுத்து வைத்துக்கொள்ளலாம்.

சீர்காழியில் ஆண்டுதோறும் சித்திரையில் திருமுலைப்பால் விழா நடக்கிறது. மூன்று வயது ஞானசம்பந்தருக்கு உமையம்மை பாலூட்டிய கதையைப் பிள்ளைகளுக்குப் பக்தியோடு சொல்கிறோம். அதே வயதுப் பிள்ளை வீட்டில் பாலைப் பற்றிக் கேட்டால் ஏன் கூச்சம்? பால் மார்பில் சுரக்கிறது, அம்மா சாப்பிடும் சாப்பாட்டின் சத்து ரத்தத்தின் வழியே அங்கே போய்ப் பாலாகிறது என்று சொன்னால், பெண்ணானாலும் பையனானாலும் "ஓ" என்று கேட்டுக்கொண்டு விளையாடப் போய்விடும்.

கேள்வியோடு நிற்காது, விளையாட்டிலும் இது வரும். பால்மாவு டப்பாவில் குழந்தைப் படம் போடுவதை 1992-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் தடுத்தது. பொம்மையோடு சேர்ந்து வரும் பால் புட்டியை அது தடுக்கவில்லை. அந்தப் புட்டியை வீசிவிட்டுச் சட்டையைத் தூக்கிப் பொம்மைக்குப் பால் கொடுக்கும் பையன்கள் இருக்கிறார்கள். "ஐயே" என்று சிரிக்காதீர்கள். குடித்து முடித்ததும் பாப்பாவைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் விட வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.