கெளுத்தி மீன் முட்டைகளைக் கண்ணாடித் தொட்டியில் பொரிப்பித்தல்

தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத் தொடக்கத்தில் கேரளக் கரையை அடைகிறது. முதல் மழை வலுத்துப் பெய்து வயல்களும் ஓடைகளும் ஒன்றாகும்போது, ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் பலவகை மீன்கள் ஆழமற்ற புது நீரை நாடி ஏறிவந்து முட்டையிடுகின்றன. கேரள மக்கள் இதனை ‘ஊத்த’ என்று அழைப்பர். இவ்வாறு ஏறிவரும் மீன்களுள் மீசையுடைய கெளுத்திகளும் உண்டு. ஆயினும் கலங்கல் நீரில் நிகழும் இந்நிகழ்ச்சியைக் கண்ணால் காண்பது அரிது. முட்டை எவ்வாறு மீனாகிறது என்பதை அருகிலிருந்து காண விரும்புவோர்க்கு, வீட்டிலோ பள்ளியிலோ வைக்கப்படும் ஒரு சிறு கண்ணாடித் தொட்டியே சிறந்த கருவியாகும்.

தொட்டியில் இடப்படும் கெளுத்தி முட்டைகள் பலவும் பொரிக்காமலே அழிவதும், பொரித்த குஞ்சுகள் ஒரு வாரத்துக்குள் மடிவதும் அடிக்கடி காணப்படுவனவே. இதற்கு விதியோ கைராசியோ காரணமன்று. பிராணவாயு, பூசணம், முதல் இரை, கழிவு ஆகிய நான்கையும் அறிந்து நடந்தால் இழப்பைப் பெரிதும் குறைக்கலாம். திருவனந்தபுரத்தின் நீரையும் தட்பவெப்பத்தையும் கருத்திற்கொண்டு, அதற்குரிய முறைகள் இங்கு விளக்கப்படுகின்றன.

முட்டையிடும் முறைகள்

கெளுத்திகள் யாவும் ஒரே வகையில் முட்டையிடுவதில்லை. கடற்கெளுத்திகள் சிலவற்றில் முட்டை ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட குறுக்களவு உடையது. ஆண்மீன் அவற்றைத் தன் வாயில் ஏந்தி, குஞ்சுகள் வெளிவரும்வரை உண்ணாமல் காக்கிறது. முட்டை பெரிது, காவலும் உண்டு. ஆகையால் எண்ணிக்கை மிகக் குறைவு. இதற்கு நேர்மாறாக, பங்காசியஸ் முதலிய பெரிய ஆற்றுக் கெளுத்திகள் இலட்சக் கணக்கில் சிறு முட்டைகளை இட்டுவிட்டு நீங்கிவிடுகின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவையாக, ஒட்டும் தன்மையுள்ள முட்டைகளைச் செடிகளிலும் கற்களிலும் ஒட்டிவைக்கும் இனங்களும் உள்ளன. எண்ணிக்கையும் பாதுகாப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் இயற்கை நியதியை மாணவர்க்கு விளக்க இவற்றினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நாட்டுக் கெளுத்திகளுள் பல, குளத்தில் அடைபட்டிருக்கும்போது தாமாக முட்டையிடுவதில்லை. 1956ஆம் ஆண்டில் எல். எஸ். இராமசுவாமியும் பி. ஐ. சுந்தரராஜும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்தி, தேளி மீனை முட்டையிடச் செய்ததை வெளியிட்டனர். அடுத்த ஆண்டு ஜூலை 10ஆம் நாள் கட்டாக்கில் ஹீராலால் சௌதுரியும் கே. எச். அலிக்குஞ்ஞியும் கெண்டை இனங்களில் இதே வழியில் வெற்றி கண்டனர். இன்று மீன் பண்ணைகளில் வழங்கும் முறை இதிலிருந்து வளர்ந்ததே. எனினும் ஊசி போடுதல் பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டியது. தேளியின் மார்புத்துடுப்பு முள்ளோ கடும் நஞ்சுடையது. ஆதலால் பள்ளித் தொட்டிக்கு அது ஏற்றதன்று.

தொட்டிக்கு ஏற்ற இனம்

சிறு தொட்டியில் ஊசியின்றித் தானாகவே முட்டையிடும் கெளுத்தி, தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கோரிடோராஸ் ஆகும். அலங்கார மீன் கடைகளில் இது எளிதிற் கிடைக்கும். ஏறத்தாழ 5 முதல் 7 சென்டிமீட்டர் நீளமுள்ள இம்மீனின் இரு பக்கங்களிலும் ஓடு போன்ற தகடுகள் இரண்டு வரிசையாக அமைந்துள்ளன. தொட்டியின் அடியில் மீசையால் துழாவி இரை தேடும். கூட்டமாக வாழும் இயல்புடையதாதலால் ஆறுக்குக் குறையாமல் வளர்த்தல் நன்று. பெண்மீன் பருத்து அகன்றும், ஆண்மீன் சிறுத்து மெலிந்தும் இருக்கும்.

பெற்றோர் மீன்களுக்குச் சில வாரங்கள் புழு முதலிய உயிருணவை நன்கு ஊட்டிய பின், தொட்டி நீரில் பாதியளவை அகற்றி, அதைவிட 2 முதல் 4 டிகிரி சென்டிகிரேடு குளிர்ந்த நீரைச் சேர்க்க வேண்டும். இது புதுமழையைப் போன்று மீனைத் தூண்டுகிறது. பெண்மீன் தன் வாயை ஆண்மீனின் அடிவயிற்றில் பொருத்தி, விந்தை விழுங்கி, குடல்வழியே விரைவாக வெளியேற்றுகிறது. அவ்வேளையில் வயிற்றுத் துடுப்புகளைக் குவித்து அமைத்த சிறு பையில் சில முட்டைகளை ஏந்தியிருப்பதால், அவை அங்கேயே கருவுறுகின்றன. இவ்வியப்புக்குரிய முறையை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1995இல் விளக்கினர். பின்னர் பெண்மீன் கண்ணாடிச் சுவரிலோ இலையிலோ அம்முட்டைகளை ஒட்டிவைத்துவிட்டு மீண்டும் ஆண்மீனை நாடும். சில மணி நேரத்தில் பல பத்து முட்டைகள் சேர்ந்துவிடும்.

முட்டையிட்டு முடித்ததும் பெற்றோர் அவற்றைக் காப்பதில்லை. தாமே தின்னவும் செய்யும். ஆகையால் முட்டைகளை வேறு தொட்டிக்கு மாற்றுதல் இன்றியமையாதது. இட்டவுடன் தொட்டால் முட்டை நசுங்கும். ஓரிரு மணி நேரம் கழித்து அதன் தோல் இறுகிய பின்னர், ஈரமான விரல் நுனியால் மெல்ல உருட்டி எடுக்கலாம்.

நீரைத் தகுதிப்படுத்துதல்

திருவனந்தபுரம் நகரின் குழாய்நீருக்குக் கரமனை ஆற்றின் அருவிக்கரை நீர்த்தேக்கம் முதன்மையான ஆதாரமாகும். அந்நீர் குளோரின் சேர்த்துத் தூய்மை செய்யப்படுகிறது. மனிதர்க்கு நலந்தரும் அதே குளோரின் மீனின் செவுள்களையும் இளங்கருவையும் கெடுக்கும். நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் வைத்து, காற்றைச் செலுத்திய பின்னரே பயன்படுத்த வேண்டும். விரைவில் தேவைப்படின் சோடியம் தயோசல்பேட்டைச் சேர்த்துக் குளோரினை நீக்கலாம்.

செம்பாறை நிலத்துக் கிணற்றுநீர் குளோரின் அற்றது. ஆனால் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. இறைத்தவுடன் அதில் பிராணவாயு குறைந்தும் கரியமில வாயு மிகுந்தும் இருக்கும். இதனையும் ஒரு நாள் காற்றோட்டமாக வைத்தல் வேண்டும். பெற்றோர் வாழ்ந்த நீரும் முட்டைகளை மாற்றும் நீரும் வெப்பத்திலும் அமிலத்தன்மையிலும் ஒத்திருத்தல் நலம். பெற்றோர் தொட்டியின் நீரையே பாதியளவு எடுத்துக்கொள்வது எளிய வழியாகும்.

முட்டைக்குச் செவுள் இல்லை. தன் தோலின் வழியாகவே சுவாசிக்கிறது. 25 டிகிரி வெப்பமுள்ள நன்னீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் பிராணவாயுவையே கரைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் இது 7.6 மில்லிகிராமாகக் குறைகிறது. வெப்பம் ஏறும்போது கருவின் தேவை கூடுகிறது. நீரின் இருப்போ குறைகிறது. இதனாலேயே கோடைப் பிற்பகலில் முட்டைகள் மிகுதியாக அழிகின்றன. தொட்டியை வெயில்படாத இடத்தில் வைத்து, 24 முதல் 26 டிகிரி அளவில் காத்து, காற்றுப் பம்பினால் முட்டைகளைச் சுற்றி நீர் மெல்ல அசையுமாறு செய்தல் வேண்டும்.

பூசணத்தைத் தடுத்தல்

கருவுற்ற முட்டை தெளிந்த மஞ்சள் நிறத்திலிருந்து நாளடைவில் பழுப்பேறும். கருவுறாத முட்டை ஒரே நாளில் பால்போல் வெளுத்துவிடும். வெளுத்த முட்டையின்மீது சாப்ரோலெக்னியா என்னும் நீர்ப்பூசணம் பஞ்சிழை போலப் படர்கிறது. இதன் வித்துகள் எந்நீரிலும் உள்ளவையே. உயிருள்ள முட்டையை எளிதில் தாக்காத இப்பூசணம், செத்த முட்டையில் வேரூன்றிய பின்னர் அண்டை முட்டைகளையும் சூழ்ந்து மூச்சடைக்கச் செய்கிறது. எனவே முட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி வைப்பதும், நாள்தோறும் இருமுறை வெளுத்தவற்றைச் சொட்டுக் குழாயால் நீக்குவதுமே முதன்மையான பாதுகாப்பாகும்.

துணைப் பாதுகாப்பாக மெதிலீன் நீலத்தை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் சேர்க்கலாம். நூற்றுக்கு ஒரு பங்கு வலுவுள்ள கரைசலாயின் 10 லிட்டர் நீருக்கு 2 மில்லிலிட்டர் போதும். பொரித்ததும் நீரைச் சிறிது சிறிதாக மாற்றி இதனை அகற்றிவிட வேண்டும். கேரளத் தெருவோரங்களில் நிழல் தரும் நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்து உதிர்ந்த இலையை நீரிலிடும் வழக்கமும் உண்டு. அதன் துவர்ப்பொருள் நீரைப் பழுப்பாக்கி, நுண்ணுயிர்ப் பெருக்கத்தை ஓரளவு தடுக்கிறது.

முதல் இரை

மேற்கூறிய வெப்பநிலையில் மூன்று முதல் ஐந்து நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். அப்போது வயிற்றின் கீழ்க் கருவுணவுப் பை தொங்கும். ஏறத்தாழ இரண்டு நாட்கள் இதுவே உணவு; இக்காலத்தில் வேறு இரை இடுவது நீரைக் கெடுப்பதற்கே உதவும். பை சுருங்கியதும் இரை கிடைக்காவிடின் குஞ்சு விரைவில் நலிந்துவிடும். ஆகையால் முட்டை எடுத்த அன்றே இரைக்கான ஏற்பாட்டையும் தொடங்க வேண்டும்.

ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் உயிரியின் உலர்ந்த முட்டைகள் கடைகளிற் கிடைக்கும். அயோடின் சேராத உப்பு 25 முதல் 30 கிராம் கரைத்த ஒரு லிட்டர் நீரில் இவற்றை இட்டு, வெளிச்சத்தில் வைத்து, விடாமல் காற்றைச் செலுத்தினால் 28 டிகிரியில் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். அரை மில்லிமீட்டருக்கு மேற்படாத இளரிகளை மெல்லிய துணியில் வடித்து, நன்னீரில் அலசி, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை சிறிதளவு இட வேண்டும். அவித்த முட்டையின் மஞ்சட்கருவை இடுவோரும் உளர். அது மலிவே, ஆயினும் மிச்சம் விரைவில் அழுகுவதால் கெடுதியே மிகுதி.

வளர்ப்புத் தொட்டியின் தூய்மை

கெளுத்திக் குஞ்சு தரையை ஒட்டி வாழ்வது. மிஞ்சிய இரையும் கழிவும் சேருமிடமும் அதுவே. அங்கு அழுகல் படலம் தோன்றினால் முதலில் குஞ்சின் மீசை தேயும். பின்னர் துடுப்பு அரிக்கும். இறுதியில் உயிர் போகும். ஒரு குழாயால் அடியை நாள்தோறும் உறிஞ்சி, நீரில் நாலில் ஒரு பங்கை மாற்றுவது இதற்கு மருந்தாகும். கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியங்கள் ஒரு புதுத் தொட்டியில் இரா. எனவே பெற்றோர் தொட்டியில் சில வாரங்கள் முன்னரே இயங்கிய பஞ்சு வடிகட்டியைக் குஞ்சுத் தொட்டிக்குக் கொணர்தல் அறிவுடைமை. நீரின் ஆழம் முதல் வாரங்களில் ஒரு சாணுக்கு மேற்பட வேண்டுவதில்லை. கோரிடோராஸ் செவுளால் மட்டுமன்றி, மேற்பரப்பில் விழுங்கிய காற்றைக் கொண்டு குடலாலும் சுவாசிப்பதாகும்.

மாணவர் இட்ட முட்டை, வெளுத்தவை, பொரித்தவை, ஒரு மாதம் கழித்து எஞ்சியவை ஆகியவற்றை நாள்குறிப்பில் பதிந்து வரலாம். எடுத்துக்காட்டாக, 80 முட்டைகளுள் 60 பொரிப்பின் பொரிப்பு வீதம் நூற்றுக்கு 75 எனக் கணக்கிடுவர். மூன்றாம் நாள் பூதக்கண்ணாடி வைத்து நோக்கினால் முட்டைக்குள் கருவின் கண்களையும் துடிக்கும் இதயத்தையும் காணலாம்.

வளர்ந்த மீன் எங்குச் செல்ல வேண்டும்?

இவ்வினா மற்றெல்லாவற்றினும் முக்கியமானது. குஞ்சுகள் பெருகித் தொட்டி போதாதபோது, அருகிலுள்ள ஓடையிலோ ஏரியிலோ விடுவதே கருணை எனப் பலர் எண்ணுகின்றனர். இதன் விளைவைத் திருவனந்தபுரமே காட்டுகிறது. தொட்டிப் பாசியைத் தின்னும் என்று வாங்கப்படும் டெரிகோப்ளிக்திஸ் என்னும் தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி, நகரின் நடுவே ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குடிபுகுந்து பெருகியதை, கேரளப் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் 2015இல் வெளியிட்டனர். இம்மீன் கரையில் வளை தோண்டி முட்டையிடும். ஆண்மீன் அவ்வளையிலேயே காவலிருக்கும். வலுவான ஓடும் காற்றைச் சுவாசிக்கும் திறனும் உடைய இதனை ஒருமுறை பரவிய பின் அகற்றுவது மிகக் கடினம். 2018ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரபைமா முதலிய அயல்மீன்களும் கேரள ஆறுகளில் அகப்பட்டன.

நாட்டு இனங்களுக்கு இதனால் நேரும் இடர் சிறிதன்று. கேரளத்தில் மஞ்சக்கூரி எனப்படும் அழகிய கெளுத்தி, மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதிக்கே உரியது. 1864இல் குந்தர் விவரித்த இம்மீனுக்கு, இந்திய விலங்கியலறிஞர் சுந்தர் லால் ஹோராவின் நினைவாக 1955இல் கே. சி. ஜெயராம் ‘ஹோராபேக்ரஸ்’ எனப் பேரினப் பெயரிட்டார். இன்று இது அழிவுக்கு ஆட்படக்கூடிய இனமாக எண்ணப்படுகிறது. தேசிய மீன் மரபுவள நிறுவனத்தின் கொச்சி மையமும் குமரகம் வட்டார வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இதனைச் சிறைநிலையில் இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியுள்ளன. முட்டையிட ஏறும் மீன்களைக் காக்க 2010ஆம் ஆண்டின் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டமும் வகைசெய்கிறது.

ஆகையால் மிகுந்த குஞ்சுகளை வேறு பள்ளிகளுக்கோ மீன் வளர்ப்போர்க்கோ கடைக்கோ கொடுத்தல் வேண்டும்; எக்காரணத்தாலும் இயற்கை நீர்நிலையில் விடலாகாது. தொட்டி நீரையும் ஓடையில் ஊற்றாமல், தோட்டத்துச் செடிகளுக்கு ஊற்றலாம். களப்பணியாளர் ஒரு கிராமத்திலும் ஆசிரியர் ஒரு வகுப்பிலும் இவ்வொரு செய்தியைப் பதியவைப்பாராயின், கண்ணாடித் தொட்டியில் பொரித்த சில குஞ்சுகளைவிட, ஊத்தக் காலத்தில் வயலேறி வரும் எண்ணற்ற நாட்டுக் குஞ்சுகளுக்கு அது பெரும் பாதுகாப்பாக அமையும்.