குறியும் குறிவிலக்கும்

ஒரு சொல் தான் உணர்த்தும் பொருளைக் குறித்து வருதலும், தன்னையே குறித்து வருதலும் என இருவகையால் வழங்கும். 'மரம் நிழல் தரும்' என்புழி மரம் பொருளைக் குறித்தது. 'மரம் மூன்றெழுத்துச் சொல்' என்புழிச் சொல்லையே குறித்தது. எழுத்துக்களைப் பொறுத்தவரையில் இம்மயக்கத்தை நீக்கத் தமிழிலக்கணத்தார் ஒரு வழி கண்டனர். 'ஆ' என்றால் அது பசுவும் ஆகும். ஆகாரம் என்றால் எழுத்தே ஆகும். கரம், காரம், கான் என்னும் எழுத்துச் சாரியைகளுக்குத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் விதி கூறுகின்றது. (ஆகாரம் என்பது உணவையும் குறிக்குமே எனின், மயக்கம் நீக்க வந்ததே மயங்கும் அவ்வியல்பு பின்னரும் எதிர்ப்படும்.) கணினிப் பதிவேடுகளைத் தேடுதற்கு அமைந்த வினவல் மொழிகளிலும் இதே சிக்கலும் இதனையொத்த தீர்வும் உள்ளன. அத்தீர்வைக் குறிவிலக்கு எனலாம். அதன் விதிகளைக் கைந்நூலில் எழுதிவைத்தல் எளிதெனத் தோன்றும், எளிதன்று.

பதிவேடு என்பது ஒரு கணினி தன்னிடத்து நிகழ்வனவற்றை நேரத்துடன் வரிவரியாக எழுதிவைப்பது. பெரிய நிறுவனங்களில் இவ்வரிகள் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கிற் சேர்தல் இயல்பு. ஒரு பழுது நேர்ந்தவிடத்தும், அந்நியர் உள்ளே புகுந்தனரோ என்னும் ஐயம் எழுந்தவிடத்தும், விடை இவ்வரிகளுள்ளேதான் கிடக்கும். இவற்றைத் தேடுங் கருவிகள் பலவற்றுக்கு அடிப்படையாய் இருப்பது 1999இல் டக் கற்றிங் என்பார் இயற்றிய லூசீன் என்னும் தேடற்பொறி. 2010இல் வெளிவந்த எலாஸ்ரிக் சேர்ச் அதன்மீதே எழுப்பப்பட்டது.

லூசீனின் வினவல் மொழியில் சில குறிகளுக்குத் தனித்தொழில் உண்டு. முக்காற்புள்ளி, புலத்தின் பெயரையும் அதன் மதிப்பையும் பிரிக்கும். ஒரு சொல்லின் முன்வரும் கழித்தற்குறி, அச்சொல் உள்ள வரிகளை விலக்கும். உடுக்குறி எவ்வெழுத்துத் தொடருக்கும் ஈடாய் நிற்கும். இனி, பத்தேகால் மணிக்கு நிகழ்ந்ததைத் தேடுவான் ஒருவன் '10:15' என எழுதினான் என்க. பொறி அதனை, '10' என்னும் பெயருடைய புலத்தில் '15' என்னும் மதிப்பு எனக் கொள்ளும். அப்பெயருடைய புலம் யாண்டும் இல்லாமையால் விடை வெறுமையாய் வரும். அவனே நொடியையுஞ் சேர்த்து '10:15:30' என எழுதியிருப்பின், இலக்கணப் பிழை என்று பொறி மறுத்திருக்கும். இவ்விரண்டனுள் மறுப்பே நன்மை பயப்பது. மறுக்கப்பட்டவன் தன் வினாவைத் திருத்துவான். வெறும் விடை பெற்றவனோ அந்நேரத்தில் ஒன்றும் நிகழவில்லை என்று முடிவு செய்து அப்பாற் போய்விடுவான். இதனினுங் கொடிது 'தவறு -1' என்னும் வினா. தவறு என்னுஞ் சொல் இருந்து 1 இல்லாத வரிகளையெல்லாம் அது கொணரும். அதாவது, வேண்டிய வரியை மட்டும் விட்டுவிட்டு ஏனையவற்றைத் தரும்.

இவற்றை விலக்குதற்கு வகுத்த குறி பின்சாய்கோடு. '10\:15' என எழுதின், முக்காற்புள்ளி தன் தொழிலை விட்டுத் தானாகவே நிற்கும். பின்சாய்கோடு இத்தொழிலுக்கென்று பிறந்ததன்று. 1961இல் பொப் பீமர் முன்மொழிய, 1963இல் வெளிவந்த ஆஸ்கிக் குறிமுறையில் அஃது இடம்பெற்றது. அல்கோல் மொழியின் தருக்கக் குறிகளை இருவகைச் சாய்கோடுகளையும் இணைத்து ஆக்கிக்கொள்ளலாம் என்பதே அப்போது கருதப்பட்ட பயன். சி மொழிக்கு முன்னோடியான பி மொழியில் விலக்குக் குறியாய் இருந்ததும் உடுக்குறியே. 1970களில் சி மொழி பின்சாய்கோட்டை மேற்கொண்டபின், ஏனைய மொழிகள் பலவும் அதனைப் பின்பற்றின.

இவ்வளவில் கைந்நூலாசிரியன் செய்யவேண்டியது சிறப்புக் குறிகளை நிரல்படத் தந்து, 'இவற்றின் முன் பின்சாய்கோடு இடுக' என்று ஒரு வரி எழுதுவதே எனத் தோன்றலாம். கைந்நூல்கள் பலவும் அவ்வாறே செய்கின்றன. ஆயின் தேடுவோன் இடறுவது அந்நிரலில் அன்று. அவன் எழுதிய வினா பொறியை அடையுமுன் பல வாயில்களைக் கடக்கின்றது. ஒவ்வொரு வாயில்காப்போனும் பின்சாய்கோட்டைத் தனக்கு வந்ததாகவே கொள்கின்றான். பதிவேட்டில் உள்ள ஒரேயொரு பின்சாய்கோட்டைத் தேட, அதனையும் விலக்கவேண்டுமாதலின், வினவல் மொழியில் '\\' என இரண்டு வேண்டும். அவ்வினா ஜேசன் வடிவில் அனுப்பப்படின் இரண்டு நான்காகும். அந்த ஜேசனை யூனிக்ஸ் ஷெல்லில் இரட்டை மேற்கோட்குறிக்குள் எழுதின் நான்கு எட்டாகும். பேர்ள் மொழியினர் இதனைச் சாய்ந்த பற்குச்சி நோய் என்று நகையாடுவர். எலாஸ்ரிக் சேர்ச்சின் கைந்நூல் ஜேசன் வாயிலைப்பற்றி எடுத்துக்காட்டுடன் கூறியிருத்தல் பாராட்டற்குரியது. '<', '>' என்னும் இரண்டையும் எவ்வாற்றானும் விலக்கல் இயலாது, வினாவிலிருந்து நீக்குதலே வழி என்பதையும் அஃது ஒளியாது கூறும். விதிக்குப் புறனடை கூறாத நூல் நூலாகாது.

வாயில்களெல்லாம் கடந்தபின்னும் ஒரு தடை உண்டு. பலர் அறியாததும் அதுவே. பொறி தேடுவது பதிவேட்டையன்று, பதிவேட்டிலிருந்து முன்னரே ஆக்கிவைத்த சொல்லடைவை. அவ்வடைவை ஆக்குங்காற் சொற்பிரிப்பி வரியைச் சொற்களாக நறுக்கும். வழக்கமான சொற்பிரிப்பி கழித்தற்குறி, டொலர்க்குறி, நெளியடைப்பு முதலியவற்றை எறிந்துவிடும். ஆதலின் '\-1' என்று முறைப்படி விலக்கி எழுதியவனுக்கும் '1' உள்ள வரிகளெல்லாம் வந்து குவியும். விலக்கு, குறியைப் பகுப்பியினின்று காப்பாற்றிற்று. ஆனால் அடைவில் அக்குறியே இல்லை. இல்லாததைத் தேடுவோனுக்குப் பின்சாய்கோடு யாது செய்யும்? சொற்பிரிப்பு இன்றி வரி முழுவதையும் ஒன்றாகக் கொள்ளும் புலவகையையோ, எலாஸ்ரிக் சேர்ச் 2020இல் 7.9ஆம் பதிப்பிற் சேர்த்த உடுக்குறித் தேடற்குரிய புலவகையையோ முன்னரே தெரிந்துகொள்ளுதல் வேண்டும். இச்செய்தி கைந்நூல்களில் வேறோர் அதிகாரத்திற் கிடக்கும். விலக்குவிதி படிப்போன் அதனைக் காணான்.

இதன் விளைவு 2021 டிசம்பரில் வெளிப்படையாயிற்று. ஜாவா மொழியிற் பதிவேடு எழுதப் பயன்படும் லொக்-போர்-ஜே என்னும் நிரற்றொகுதியில் பெருங்குறை ஒன்று அப்போது வெளியாயிற்று. டொலர்க்குறி, திறந்த நெளியடைப்பு, ஜே.என்.டி.ஐ. என்னும் நான்கெழுத்து, முக்காற்புள்ளி என்றவாறு தொடங்கும் ஒரு தொடரைப் பதிவேட்டில் எழுதுமாறு செய்தாற் போதும். நிரல் அதனை எழுதவேண்டிய செய்தியெனக் கொள்ளாது ஏவலெனக் கொண்டு, அயலார் கணினியிலிருந்து நிரலைப் பெற்று இயக்கும். குறியைக் குறியாகவே விடத் தவறிய பிழையே இதுவும். தேடுமிடத்தன்றி எழுதுமிடத்து நேர்ந்தது என்பதே வேறுபாடு. தம் கணினிகள் தாக்கப்பட்டனவா என்றறியப் பதிவேடுகளை ஆராய்ந்தோர் தேடவேண்டியிருந்த தொடரோ முழுதும் சிறப்புக் குறிகளாலாயது. நெளியடைப்பு லூசீனில் எல்லைவரம்பைத் தொடங்கும். முக்காற்புள்ளி புலம் பிரிக்கும். பின்வரும் முன்சாய்கோடோ, 2012இல் வெளிவந்த 4.0ஆம் பதிப்பு முதல், கோலத்தொடரைத் தொடங்குங் குறியாயிற்று. தாக்கியோர் எழுத்துக்களை மாற்றி மறைத்தும் எழுதினர் என்பது வேறு. அந்நாளில் ஒரு வெறும் விடை, 'தாக்குதல் இல்லை' என்றோ 'வினா தவறு' என்றோ இருபொருள் படுவதாயிற்று. எனவே விலக்குவிதி எழுதுவோன் குறிகளை மட்டுமன்றி, வாயில்களின் வரிசையையும், ஒவ்வொரு குறியும் அடைவிற் சேர்கின்றதா என்பதையும் ஒரே இடத்திற் கூறல்வேண்டும். தெரிந்த ஒரு வரியைப் பதிவேட்டில் எழுதி, அதனைத் தேடி எடுக்கும் வினாவையும் உடன் தருதல் எல்லாவற்றினும் நன்று.

2018இல் அறிமுகமான லோக்கி என்னும் பதிவேட்டுத் தொகுதி வேறொரு நெறியைக் கைக்கொண்டது. கோலத்தொடரில் ஒரு முற்றுப்புள்ளியை விலக்க, இரட்டை மேற்கோட்குறிக்குள் "\\." எனவும், பின்மேற்கோட்குறிக்குள் `\.` எனவும் எழுதலாம். பின்னையதில் ஒரு வாயில் குறைகின்றது. பின்சாய்கோடு கோலத்தொடருக்கே நேராய்ச் செல்கின்றது. தெளிவு கருதின் இதுவே சிறந்தது. ஆயினும் பின்மேற்கோட்குறிக்குள் பின்மேற்கோட்குறியை எழுத வழியில்லை. அக்குறியையே தேட நேர்ந்தவர் இரட்டை மேற்கோட்குறிக்கும் இரட்டைப் பின்சாய்கோட்டுக்கும் திரும்பவே வேண்டும்.