கார் பாடியில் ஃபைபர் பேனல் ஒட்டப் போறீங்களா? பசைக்கு முன்னாடி இதைக் கவனிங்க!

மணலி புதுநகர், எண்ணூர் பக்கம் உப்புக் காற்றில் கார் பாடி சீக்கிரமே துரு பிடிக்கும். அரித்த தகரத்துக்குப் பதில் ஃபைபர் பேனல் போடலாம். ஆனால் ஓடும்போது கழன்று, பின்னால் வரும் பைக் மேல் விழுந்தால்?

எந்தப் பசை?

எபாக்சி உறுதியானது, ஆனால் வளையாது. வெயிலில் தகரமும் ஃபைபரும் ஒரே அளவு விரியாது. அதனால் பெரிய பேனலுக்கு ரப்பர் போல இழுபடும் பாலியூரித்தேன்தான் சரி. கார் கண்ணாடி ஒட்டுவதும் இதில்தான். இதன் மூலப்பொருளான பாலியால் மணலியிலேயே தயாராகிறது!

எப்படி ஒட்டுவது?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். அச்சிலிருந்து வந்த ஃபைபரில் மெழுகு படிந்திருக்கும். முதலில் அதை சால்வென்ட்டில் துடைக்கணும், அப்புறம்தான் உப்புத்தாள். மாற்றிச் செய்தால் மெழுகு இன்னும் நல்லா உள்ளே இறங்கிவிடும். தகரத்தில் துருவை முழுசா எடுத்து பிரைமர் அடிக்கணும். இல்லாவிட்டால் பசை துருவைத்தான் பிடித்திருக்கும், தகரத்தை இல்லை.

பசை 2, 3 மி.மீ. கனம் இருக்கட்டும். கிளாம்ப் போட்டு நசுக்கினால் பிதுங்கி வெளியே வந்துவிடும். காற்றின் ஈரத்தில் இறுகும் வகை என்றால் ஓரத்திலிருந்து நாளைக்குச் சில மி.மீ.தான் இறுகும், அவசரப்பட்டு வண்டியை எடுக்காதீங்க.

பசையில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்கு ஆகாது. கையுறை, காற்றோட்டம் கட்டாயம்.

பில்லர், சேசிஸ் மாதிரி பாரம் தாங்கும் இடம் துரு பிடித்திருந்தால் பசை வேலையே வேண்டாம், வெல்டிங்தான்.