கொலைகாரன் யாருன்னு முதல் சீன்லயே தெரிஞ்சிடும்... அப்புறமும் 'மெமெண்டோ' ஏன் குழப்புது?

கிறிஸ்டோபர் நோலன் என்றதும் இன்று 'இன்டர்ஸ்டெல்லர்', 'ஓப்பன்ஹைமர்' என்று ஐமேக்ஸ் பிரமாண்டம்தான் நினைவுக்கு வரும். 2000-ம் ஆண்டு வெளியான அவரது 'மெமெண்டோ'வில் அதெல்லாம் கிடையாது. ஒரு மோட்டல் ரூம், ஒரு போலராய்டு கேமரா, உடம்பெல்லாம் பச்சை குத்திய ஒரு ஆள். ஓடும் நேரம் 2 மணி நேரத்துக்கும் குறைவு. ஆனாலும் படம் பார்த்துட்டு 'க்ளைமாக்ஸ்ல என்னதாங்க நடந்துச்சு?'னு தேடுறவங்க இன்னும் இருக்காங்க.

(ஸ்பாய்லர் அலர்ட்: இதுக்கு மேல முழுக் கதையும் வருது!)

ஹீரோ லெனார்டு (கய் பியர்ஸ்), முன்னாள் இன்சூரன்ஸ் விசாரணை அதிகாரி. வீட்டுக்குள் புகுந்தவர்கள் தாக்கியதில் தலையில் அடி. அதற்கு முந்தைய வாழ்க்கை நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடக்கும் எதுவும் சில நிமிடங்களுக்கு மேல் மனதில் நிற்காது. மருத்துவத்தில் இதற்கு 'ஆன்ட்டிரோகிரேட் அம்னீசியா' என்று பெயர். மனைவியைக் கொன்றவனைத் தேடிப் பழிவாங்க வேண்டும் என்பது மட்டும் லெனார்டுக்குத் தெரியும். கிடைக்கிற தகவலை எல்லாம் போட்டோவின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார், முக்கியமானதை உடம்பில் பச்சை குத்திக்கொள்வார்.

'அட, நம்ம கஜினி!' என்கிறீர்களா? ஆமாம், 2005-ல் ஏ.ஆர்.முருகதாஸ் இயக்கத்தில் சூர்யா நடித்த படத்துக்குப் பொறி இதுதான். ஆனால், பச்சை குத்திய உடம்பை எடுத்துக்கொண்ட 'கஜினி', ஒரு விஷயத்தை அங்கேயே விட்டுவிட்டது. சஞ்சய் ராமசாமியின் டைரியை நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். கல்பனா உண்மை, அந்தக் காதல் உண்மை, வில்லனும் உண்மையிலேயே வில்லன்தான். லெனார்டு எழுதிவைத்த குறிப்புகளுக்கு அப்படி எந்த கேரண்டியும் இல்லை.

பின்னாடி இருந்து முன்னாடி

படத்தின் முதல் காட்சியிலேயே டெடி என்பவரை லெனார்டு சுட்டுவிடுகிறார். அங்கிருந்து கலர் காட்சிகள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போகும். இடையிடையே வரும் கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கி நகரும். இரண்டும் கடைசியில் ஒரே இடத்தில் சந்திக்கும். இது சும்மா சீன் காட்டுவதற்காகச் செய்த வித்தை இல்லை. ஒவ்வொரு கலர் காட்சி ஆரம்பிக்கும்போதும், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று லெனார்டுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவருடைய மறதி நமக்கும் தொற்றிக்கொள்கிறது.

இதன் கொடூரம் புரிய நடாலி (கேரி-ஆன் மாஸ்) வரும் காட்சி ஒன்று போதும். காயம்பட்ட முகத்தோடு வருகிறாள். ஒருவன் அடித்துவிட்டதாகச் சொல்கிறாள். லெனார்டு பரிதாபப்படுகிறார், நாமும்தான். அடுத்து வருவது அதற்கு முன்பு நடந்தது. வீட்டில் இருக்கிற பேனாக்களை எல்லாம் எடுத்து ஒளித்துவைக்கிறாள் நடாலி. 'உன்னை வச்சு காரியம் சாதிக்கப் போறேன், உனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது' என்ற ரீதியில் நேருக்கு நேராகவே சொல்லி, மனைவியைப் பற்றி அசிங்கமாகப் பேசுகிறாள். அவளை அடித்தது லெனார்டேதான்! வெளியே போய் காரில் உட்கார்ந்து அவள் காத்திருக்கிறாள். உள்ளே ஒரு பேனா தேடித் தவிக்கிறார் அவர். கார் கதவுச் சத்தம் கேட்கும்போது எல்லாம் மறந்துபோயிருக்கும். படத்திலேயே நடுங்கவைக்கும் இடம் இதுதான், துப்பாக்கியே இல்லை.

நிஜத்தில் ஒரு ஹென்றி

இப்படி நிஜத்தில் நடக்குமா? நடந்திருக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசனுக்கு 1953-ல், 27 வயதில், வலிப்புக்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. 'ஹிப்போகேம்பஸ்' என்ற பகுதியின் பெரும்பங்கு அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் புதிய நினைவுகள் உருவாவது நின்றுபோனது. 2008-ல் இறக்கும்வரை ஆய்வுக் கட்டுரைகளில் அவர் வெறும் 'ஹெச்.எம்.'தான்.

உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரைய வேண்டும். நாளுக்கு நாள் ஹென்றி நன்றாக வரைந்தார். ஆனால், அதை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. மனசு மறந்ததைக் கை கற்றுக்கொண்டது.

இந்த அறிவியலை நோலன் கதைக்குள்ளேயே வைத்திருக்கிறார். இதே மறதியோடு க்ளைம் கேட்டுவந்த சாமி என்பவரை லெனார்டு விசாரித்ததாக ஒரு கிளைக்கதை. ஷாக் அடிக்கும் பொருட்களைத் தொடாமல் இருக்கப் பழகுகிறாரா என்று சாமிக்கு டெஸ்ட் வைக்கிறார்கள். அவர் பழகவே இல்லை. அதனால் 'மூளையில் கோளாறில்லை, மனப் பிரச்னைதான்' என்று க்ளைமை நிராகரிக்கிறது கம்பெனி. கணவர் நடிக்கிறாரா என்று சோதிக்க, திரும்பத் திரும்ப இன்சுலின் போடச் சொல்கிறாள் சாமியின் மனைவி. அவர் மறந்து மறந்து போட, அவள் கண் திறக்கவே இல்லை.

கடைசியில் டெடி வேறொரு கதை சொல்கிறார். சாமிக்கு மனைவியே கிடையாது, சர்க்கரை நோய் இருந்தது லெனார்டின் மனைவிக்கு என்கிறார். உண்மையான குற்றவாளியையும் ஏற்கெனவே கொன்றாகிவிட்டதாம். இது உண்மையா? படம் உறுதியாகச் சொல்லவே இல்லை. ஆனால், அதற்கு லெனார்டு செய்கிற வேலைதான் முக்கியம். டெடியின் கார் நம்பரை 'இதுதான் குற்றவாளியின் நம்பர்' என்று குறித்துவைக்கிறார், நாளைக்குத் தானே நம்பப் போவது தெரிந்தே!

அப்போ குற்றவாளி யார்?

'நேற்றைய நானும் இன்றைய நானும் ஒரே ஆள்' என்பதற்கு அடிப்படை உடம்பு இல்லை, இரண்டையும் இணைக்கும் நினைவுணர்வுதான் என்றார் 17-ம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக். அந்தக் கணக்கில் பார்த்தால், டெடியைச் சுடும் லெனார்டும் பொய்க்குறிப்பு எழுதிய லெனார்டும் வேறு வேறு ஆட்கள். சுடுகிறவன் அப்பாவி. எழுதியவனோ அந்த நேரத்தில் இல்லவே இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் லெனார்டு தப்பிக்கிறார்.

'நமக்கு அந்த நோய் இல்லையே' என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. 1974-ல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் வெளியிட்ட ஆய்வில், கார் விபத்து வீடியோவைப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினரிடம் கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்று கேட்டார்கள். இன்னொரு பகுதியினரிடம் 'நொறுங்கும்படி மோதியபோது' என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, 'உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா?' என்றதற்கு 'ஆமாம்' என்றவர்கள் முதல் குழுவில் 50 பேரில் 7 பேர், இரண்டாவது குழுவில் 16 பேர். வீடியோவில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

படத்தைப் பார்த்து முடித்தவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். சம்பவங்களை நடந்த வரிசையிலேயே பார்க்கும் வசதி 'மெமெண்டோ'வின் ஒரு சிறப்பு டிவிடி பதிப்பில் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. அப்படிப் பார்த்தால் சஸ்பென்ஸ் சுத்தமாகக் காலி. லெனார்டு அந்தக் கார் நம்பரை எழுதுவதை முதலில் பார்த்துவிடுவோம். அதன்பிறகு வரும் காட்சிகளில் எல்லாம், தன் கையெழுத்தை நம்பி டெடியை நோக்கி அவர் போய்க்கொண்டே இருப்பார். இந்த முறை நமக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.